ஏர்ஃப்ளோ லாகுக்கு எத்தனை ஜிபி? 50 ஜிபி பார்ட்டிஷனில் ஒரு முழுக் கணக்கு

புது சர்வர் கேட்டு விண்ணப்பம் போடும்போது ‘லாக் டிஸ்க் எவ்வளவு?’ என்று ஒரு கட்டம் வரும். வேலைகளை நேரம் வைத்து ஓட்டும் ஷெட்யூலர் என்றால் பலரும் 50 என்றோ 100 என்றோ எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். சில மாதம் ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் எல்லா டாஸ்க்கும் ஒரே நேரத்தில் சிவப்பாகும். லாகை (டாஸ்க் ஓடும்போது எழுதும் பதிவை) திறந்தால் லாகே இருக்காது, ஏனென்றால் லாக் எழுதத்தான் இடமில்லை.

அந்தக் கட்டத்தில் போட வேண்டிய எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒரு மாதிரி அமைப்பை வைத்துப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்கொள்வது அப்பாச்சி ஏர்ஃப்ளோ 2.x, லினக்ஸ், இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், லாகுக்கென்றே தனியாக 50 ஜிபி பார்ட்டிஷன். கேட்கப்பட்டிருப்பது 90 நாள் லாக். கேபி, எம்பி, ஜிபி எல்லாமே இங்கே 1024-இன் பெருக்கம். டாஸ்க் எண்ணிக்கையும் லாக் அளவும் மாதிரிக்காக வைத்தவை. உங்கள் சர்வரில் அளந்த எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் வழி மாறாது.

முதலில் ஒன்று. சாதாரண நாளுக்குக் கணக்குப் போட்டு அதை 90-ஆல் பெருக்கினால் வருவது பாதி விடைதான். டிஸ்க் நிறைவது சாதாரண நாளில் அல்ல. எத்தனை பைட், எத்தனை ஃபைல், ஏதாவது ஒரு டாஸ்க் கட்டுமீறி எழுதும் இரவில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற மூன்றுக்கும் விடை வேண்டும்.

எண்ண வேண்டியது எதை

120 டேக் (பல டாஸ்க் அடங்கிய வேலைத் தொடர்) இருக்கிறது என்று வைப்போம். கூட்டத்தில் எல்லோரும் பேசுவது இரவில் ஓடும் பெரிய டேக்குகளைப் பற்றித்தான். எண்ணிப் பார்த்தால் நிலவரம் வேறு:

15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுபவை 20, ஒவ்வொன்றிலும் 5 டாஸ்க்: 20 × 96 × 5 = 9,600
மணிக்கு ஒருமுறை ஓடுபவை 40, ஒவ்வொன்றிலும் 6 டாஸ்க்: 40 × 24 × 6 = 5,760
தினம் ஒருமுறை ஓடுபவை 60, ஒவ்வொன்றிலும் 10 டாஸ்க்: 60 × 10 = 600

ஆக, ஒரு நாளைக்கு 15,960 டாஸ்க் ஓட்டம். டேக் எண்ணிக்கையில் பாதியாக இருக்கும் இரவு வேலைகள் அத்தனையும் சேர்ந்தும் மொத்த ஓட்டத்தில் 4 சதவீதம்கூட இல்லை. டேக் எத்தனை என்று கேட்டு டிஸ்க் ஒதுக்குவது இங்கேயே தவறிவிடுகிறது.

லாக் அளவை அளக்க, ஏற்கெனவே ஓடும் சர்வர் இருந்தால் அதில் ஒரு வாரத்து ஃபைல்களை எடுங்கள். அந்த வாரத்துக்குள் மாதக் கடைசி வர வேண்டும். மாதம் ஒருமுறை ஓடும் கணக்கு முடிப்பு வேலைகள் அப்போதுதான் கண்ணில் படும். ‘ஃபைண்ட்’ கட்டளையின் ‘பிரிண்ட்எஃப்’ தேர்வில் ‘%’ குறியோடு ‘எஸ்’ போட்டால் ஃபைலின் சொந்த அளவு வரும். ‘பி’ போட்டால் டிஸ்கில் அது பிடித்த இடம், 512 பைட் கட்டைகளாக எண்ணி வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்து டேக் பெயர்வாரியாகக் கூட்டுங்கள். நடுமதிப்பை நம்ப வேண்டாம். தினசரி டாஸ்க்குகளில் பெரும்பாலானவை 10 கேபி எழுதும். ஸ்பார்க் (பெரிய தரவுகளைக் கையாளும் கருவி) வேலையின் வெளியீட்டை அப்படியே கொட்டும் நாலைந்து டாஸ்க் ஆளுக்கு 30 எம்பி, 40 எம்பி எழுதும். நடுமதிப்பு 10 கேபி என்றுதான் சொல்லும். டிஸ்கை நிரப்புவது அந்த நாலைந்துதான். மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்து எடுக்கும் சராசரியே இங்கே வேண்டியது.

மாதிரிக்கு: 15 நிமிட டாஸ்க் 5 கேபி, மணி டாஸ்க் 18 கேபி, தினசரி டாஸ்க் சராசரி 400 கேபி. வெறும் பைட்டைக் கூட்டினால் 48,000 + 1,03,680 + 2,40,000 = 3,91,680 கேபி, அதாவது நாளைக்கு 382 எம்பி. 90 நாளுக்கு 34 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. ‘50-இல் தாராளமாக அடங்கும்’ என்று இங்கேயே முடித்துவிடத் தோன்றும்.

நாலு கேபிக் கட்டை

இஎக்ஸ்டி4 சாதாரணமாக 4 கேபி கட்டைகளாகத்தான் இடம் கொடுக்கும். 5 கேபி ஃபைலுக்கு இரண்டு கட்டை, 8 கேபி. 18 கேபிக்கு ஐந்து கட்டை, 20 கேபி. இதோடு போவதில்லை. 2022-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து ஏர்ஃப்ளோ லாகை வைக்கும் விதம் இது: டேக் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ‘ரன்_ஐடி’ ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ‘டாஸ்க்_ஐடி’ ஃபோல்டர், அதற்குள் ‘அட்டெம்ப்ட்=1’ என்று ஒரே ஒரு லாக் ஃபைல். ஒரு ஃபைலை வைக்க ஒரு ஃபோல்டர். அந்த ஃபோல்டருக்கும் 4 கேபி.

மறுபடி கூட்டுவோம். 15 நிமிட டாஸ்க்குக்கு 8 + 4 = 12 கேபி, 9,600 முறை: 1,15,200. அவற்றின் ரன் ஃபோல்டர்கள் 1,920 × 4 = 7,680. மணி டாஸ்க்குக்கு 24 கேபி, 5,760 முறை: 1,38,240. ரன் ஃபோல்டர்கள் 960 × 4 = 3,840. தினசரி 404 கேபி, 600 முறை: 2,42,400, ஃபோல்டர்கள் 240. மொத்தம் 5,07,600 கேபி, நாளைக்கு 496 எம்பி. வெறும் பைட் கணக்கைவிட 30 சதவீதம் கூடுதல். 90 நாளுக்கு 43.6 ஜிபி.

50 ஜிபி பார்ட்டிஷனில் ஏர்ஃப்ளோவுக்குக் கிடைப்பதும் 50 அல்ல. இஎக்ஸ்டி4 தன் 5 சதவீதத்தை, அதாவது 2.5 ஜிபியை, ரூட்டுக்கென்று (நிர்வாகப் பயனருக்கென்று) ஒதுக்கி வைக்கும்; ஏர்ஃப்ளோ ரூட்டாக ஓடுவதில்லை, ஓடவும் கூடாது. ஐநோட் (ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் டிஸ்கில் குறித்து வைக்கும் பதிவு) பட்டியலுக்கு 800 எம்பி போகும். மிச்சம் 46 ஜிபி சொச்சம். 43.6-ஐ அதில் திணித்தால் பிதுங்கும்.

ஐநோட்

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு ஐநோட் போகிறது. இஎக்ஸ்டி4 ஃபார்மேட் செய்யும்போதே 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில் மொத்த ஐநோட்டையும் எண்ணி வைத்துவிடும். 50 ஜிபிக்கு 32,76,800. பிறகு அதே அளவிலான பார்ட்டிஷனில் இதைக் கூட்ட வழியில்லை. மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டும், அல்லது பார்ட்டிஷனைப் பெரிதாக்க வேண்டும்.

நம் அமைப்பு தினம் எவ்வளவு தின்கிறது? ஒரு ரன்னுக்கு ஒன்று, டாஸ்க்குக்கு இரண்டு. 15 நிமிடத்தில் 1,920 × 11 = 21,120. மணியில் 960 × 13 = 12,480. தினசரியில் 60 × 21 = 1,260. கூட்டினால் 34,860. ஓட்டங்களில் 5 சதவீதம் ஒருமுறை ரீட்ரை ஆகிறது (விழுந்து மறுபடி ஓடுகிறது) என்றால் ‘அட்டெம்ப்ட்=2’ ஃபைல்கள் இன்னொரு 798. நாளைக்கு 35,658, 90 நாளுக்கு 32,09,220. இருப்பதில் 98 சதவீதம்.

ஐநோட் தீர்ந்தாலும் வருவது அதே எர்ரர் 28, ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. டிஸ்கில் மிச்ச இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளை போட்டால் இடம் இருக்கிறது என்று சொல்லும். ‘டிஎஃப்’ உடன் ‘-ஐ’ சேர்த்தால்தான் 100 சதவீதம் தெரியும். ‘இடம் இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது’ என்று இரவு இரண்டு மணிக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் இருக்க, கண்காணிப்பில் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.

புதிதாக ஃபார்மேட் செய்ய வாய்ப்பிருந்தால் இரண்டு வழி. இஎக்ஸ்டி4-லேயே இருப்பதென்றால் ஃபார்மேட் கட்டளையில் ‘-ஐ 8192’ கொடுத்தால் ஐநோட் இரட்டிப்பாகும். பட்டியலுக்கு 800 எம்பிக்குப் பதில் 1.6 ஜிபி போகும். அல்லது எக்ஸ்எஃப்எஸ். அது ஐநோட்டைத் தேவைப்படும்போது உருவாக்கிக்கொள்ளும். ஒரே ஒரு பெயர் உள்ள சின்ன ஃபோல்டரை ஐநோட்டுக்குள்ளேயே வைத்துவிடும் என்பதால் டாஸ்க்_ஐடி ஃபோல்டருக்கான 4 கேபியும் மிச்சம். இந்த மாதிரிச் சின்ன ஃபைல் கும்பலுக்கு எக்ஸ்எஃப்எஸ்தான் பொருத்தம். அதைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

யாரும் எண்ணாத ஃபோல்டர்

லாக் ஃபோல்டருக்குள் ‘ஷெட்யூலர்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே தேதிவாரியாக ஃபோல்டர்கள், ஒவ்வொரு டேக் ஃபைலுக்கும் (டேக்கை எழுதி வைத்திருக்கும் பைத்தான் ஃபைல்) நாளுக்கு ஒரு லாக். டேக் ஃபைலைப் படித்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஏர்ஃப்ளோ இங்கே சில வரி எழுதும்: ப்ராசஸ் தொடங்கியது, இந்த ஃபைலைப் படிக்கிறது, இந்த டேக் கிடைத்தது, இத்தனை நொடி ஆயிற்று. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒரு கேபி என்று வையுங்கள். பார்க்க ஒன்றுமே இல்லை.

ஆனால் ஒரு ஃபைலை எத்தனை நொடிக்கு ஒருமுறை படிப்பது என்று சொல்லும் ‘மின்_ஃபைல்_ப்ராசஸ்_இன்டர்வல்’ எதுவும் மாற்றாவிட்டால் 30 நொடி. ஒரு நாளைக்கு 2,880 முறை. 120 ஃபைல் × 2,880 × 1 கேபி = 3,45,600 கேபி, அதாவது 337 எம்பி. எந்த வேலையும் ஓடாவிட்டாலும், டாஸ்க் லாக் அனைத்தும் சேர்ந்து பிடிக்கும் இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு இங்கே போகிறது. 90 நாளுக்கு 29.7 ஜிபி. 43.6-உடன் கூட்டினால் 73 ஜிபி தாண்டிவிட்டது. ஏர்ஃப்ளோ இந்தத் தேதி ஃபோல்டர்களைத் தானாக அழிப்பதில்லை.

டேக் ஃபைல் கனமாக இருந்தால் இந்த அளவு குறையும் என்பது சற்று வேடிக்கையான உண்மை. ஃபைலைப் படிக்கும் (பார்சிங்) ப்ராசஸ் இரண்டு, ஒரு ஃபைலுக்கு 2 நொடி என்றால் 120 ஃபைலைச் சுற்றிவரவே 120 நொடி ஆகும். 30 நொடி என்பது ஏட்டில் மட்டும் இருக்கும். யாராவது டேக் ஃபைலின் மேல்மட்டத்தில் இருந்த டேட்டாபேஸ் அழைப்பை நீக்கி 0.2 நொடியாக்கினால் மறுநாளே இந்த லாக் நாலு மடங்காகும். நல்ல மாற்றம்தான், டிஸ்க் கணக்கையும் கூடவே மாற்ற வேண்டும்.

செய்ய வேண்டியது: இன்டர்வலை 300 நொடியாக்கினால் நாளைக்கு 34 எம்பியாகச் சுருங்கும். அதன் விலை, டேக் ஃபைலில் செய்த திருத்தம் கண்ணுக்குத் தெரிய ஐந்து நிமிடம்வரை ஆகும். டெவலப்பர்கள் அதை ஏற்கவில்லை என்றால் 30-ஐ அப்படியே விட்டு இந்த ஃபோல்டரை மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். பார்சிங் லாக் நேற்றையதே யாருக்கும் தேவைப்படுவதில்லை. மூன்று நாளுக்கு ஒரு ஜிபி. பக்கத்தில் இருக்கும் ‘டேக்_ப்ராசஸர்_மேனேஜர்’ லாக் தானாகவே 100 எம்பிக்கு ஒருமுறை சுழலும், பழையவை ஐந்து இருக்கும். அதற்கு 600 எம்பி உச்சம் என்று எழுதிவிட்டுப் போகலாம்.

டாக்கரில் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று: கன்டெய்னர் திரையில் எழுதுவதெல்லாம் டாக்கரின் ‘ஜேசன்-ஃபைல்’ டிரைவருக்குப் போகும், அதற்கு இயல்பில் அளவு வரம்பே கிடையாது, அது லாக் பார்ட்டிஷனிலும் இருக்காது. ‘மேக்ஸ்-சைஸ்’ 50 எம்பி, ‘மேக்ஸ்-ஃபைல்’ 5 என்று கொடுத்துவிடுங்கள்.

காத்திருக்கும் சென்சார்

ஃபைல் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் சென்சார் டாஸ்க்கைத் தனியாக அளக்க வேண்டும். ‘போக்’ முறையில், 60 நொடிக்கு ஒருமுறை பார்த்து 10 மணி நேரம் காத்திருந்தால் 600 வரி. வரிக்கு 110 பைட் என்றால் 65 கேபி. அற்பம்.

டாஸ்க்கை ஓட்டும் வொர்க்கரின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று அதையே ‘ரீஷெட்யூல்’ முறைக்கு மாற்றுவது வழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் அந்த முறையில் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் டாஸ்க் புதிதாகத் தொடங்கி முடிகிறது. தொடக்கப் பட்டை, ‘டிபென்டென்சீஸ் ஆல் மெட்’ இரண்டு வரி, முழுக் கட்டளை வரி, சூழல் மாறிகள், முடிவுச் செய்தி என்று ஒரு முறைக்கு இரண்டரை கேபி வரை போகும், அதே ‘அட்டெம்ப்ட்=1’ ஃபைலின் வாலில். 600 முறைக்கு 1.5 எம்பி. 65 கேபி இருந்த இடத்தில் இருபது மடங்குக்கு மேல். 50 சென்சார் இருந்தால் நாளைக்கு 75 எம்பி. இடைவெளியை 60-இலிருந்து 300 நொடியாக்கினால் ஐந்தில் ஒரு பங்காகும். அதிகாலை 2 மணிக்கு வரும் ஃபைலை மாலை 4 மணியிலிருந்தே நிமிடத்துக்கு நிமிடம் பார்ப்பதில் யாருக்கும் பயன் இல்லை.

கெட்ட நாள்

டேட்டாபேஸ் 8 மணி நேரம் படுத்துவிட்டது என்று வைப்போம். ‘ரீட்ரைஸ்’ 3, ஆக ஒவ்வொரு டாஸ்க்கும் நாலு முறை ஓடி நாலு முறையும் விழும். விழும் ஒவ்வொரு முறையும் பைத்தான் ட்ரேஸ்பேக் (பிழை விவரம்), எஸ்க்யூஎல்ஆல்கெமி (டேட்டாபேஸோடு பேசும் நூலகம்) இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று. 24 கேபி என்று வைக்கலாம். 15 நிமிட டாஸ்க் 3,200 × 4 × 24 கேபி = 300 எம்பி. மணி டாஸ்க் 1,920 × 4 × 24 கேபி = 180 எம்பி. கூடுதலாக 480 எம்பி. இன்னொரு சாதாரண நாள் சேர்ந்த மாதிரி, அவ்வளவுதான். தொடரின் முதல் டாஸ்க்கே விழுந்தால் பின்னால் இருப்பவை ‘அப்ஸ்ட்ரீம்_ஃபெயில்ட்’ ஆகி ஓடாமலே நிற்கும், லாகும் எழுதாது. அந்த நாளில் மொத்தம் குறையவும் கூடும். ரீட்ரையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது வேறு. ஒரு டாஸ்க்குக்குள் யாரோ இணைப்புக்கு ஒரு லூப் எழுதி, தோற்றால் உடனே மறுபடி முயல்கிறார். நடுவே ஒரு ‘ஸ்லீப்’ இல்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் 200 பைட்டில் ஒரு வரி. நொடிக்கு 2,000 வரி மிகச் சாதாரணம். நொடிக்கு 4,00,000 பைட், மணிக்கு 1.34 ஜிபி. வெள்ளி இரவு 8 மணிக்குத் தொடங்கி திங்கள் காலை 9 மணிக்குத்தான் யாரோ பார்க்கிறார்கள் என்றால் 61 மணி நேரம், 82 ஜிபி. எந்த டிஸ்க் வாங்கினாலும் இதைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

எனவே இதற்கு டிஸ்க் வாங்கக் கூடாது, கடிவாளம் போட வேண்டும். ‘எக்ஸிக்யூஷன்_டைம்அவுட்’ இயல்பில் எதுவும் இல்லை. டாஸ்க் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடலாம். அதை 2 மணி நேரம் என்று வைத்தால் உச்ச இழப்பைக் கணக்கிட முடிகிறது: 1.34 × 2 × 4 முயற்சி = 10.7 ஜிபி. கையிருப்பாக வைக்க வேண்டிய இடம் இதுதான்: எழுதும் வேகம் பெருக்கல் டைம்அவுட் பெருக்கல் முயற்சிகளின் எண்ணிக்கை. ‘பாதுகாப்புக்கு 20 சதவீதம்’ என்று பொத்தாம்பொதுவாக வைப்பதைவிட இந்த எண்ணுக்குக் காரணம் சொல்ல முடியும். விண்ணப்பத்தில் கேள்வி வந்தால் எடுத்துக் காட்டவும் முடியும்.

அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது கண்டுபிடித்தால் ஃபைலை அழிக்காதீர்கள். ப்ராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை ‘ஆர்எம்’ போட்டாலும் இடம் திரும்பாது. ஃபைல்கள் பிடித்த இடத்தைக் கூட்டும் ‘டியூ’ குறைத்துக் காட்டும், ‘டிஎஃப்’ அசையாது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ போட்டால் இப்படிப் பெயர் போய் உடல் இருக்கும் ஃபைல்கள் தெரியும். முதலில் டாஸ்க்கை நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால் ‘ட்ரன்கேட்’ கட்டளையால் அளவைச் சுழியமாக்குங்கள். வொர்க்கரின் வெளியீட்டை ஒற்றை ‘>’ குறியால் ஃபைலுக்குத் திருப்பியிருந்தால் ட்ரன்கேட் செய்த பிறகும் அது பழைய இடத்திலிருந்தே எழுதும். முன்பகுதி ஓட்டையாகி, ‘எல்எஸ்’ 20 ஜிபி என்றும் ‘டியூ’ 5 எம்பி என்றும் காட்டும். லாகைச் சுழற்றும் கருவியான லாக்ரொட்டேட்டின் ‘காப்பிட்ரன்கேட்’ தேர்விலும் இதே கோளாறு வரும். இரட்டை ‘>>’ போட்டால் வராது.

இவ்வளவுக்கும் மேலாக ஒன்று: ஏர்ஃப்ளோவின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை லாக் இருக்கும் அதே பார்ட்டிஷனில் வைக்கவே வைக்காதீர்கள். லாக் நிறைந்தால் டாஸ்க் விழும், மறுபடி ஓட்டலாம். டபிள்யூஏஎல் (மாற்றங்களை முதலில் குறித்து வைக்கும் பதிவு) எழுத இடமில்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் மொத்தமாக நின்றுவிடும். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

சுருக்குவதும் வெளியே அனுப்புவதும்

‘பழைய லாகை ஜிஜிப் போட்டுவிடலாமே’ என்பது முதலில் வரும் யோசனை. பெரிய லாக் எட்டு, பத்து மடங்கு சுருங்குவது உண்மைதான். 5 கேபி ஃபைல் ஒன்றரை கேபி ஆகும், ஆனாலும் ஒரு கட்டை பிடிக்கும். 8 கேபி 4 ஆனதுதான் லாபம், ஃபோல்டரின் 4 கேபி அப்படியே, ஐநோட் ஒன்றுகூடக் குறையாது. ஏர்ஃப்ளோவின் திரையும் ஜிஜிப் ஃபைலைத் திறந்து காட்டாது. பெரிய ஃபைல்களுக்கு மட்டும், அல்லது ஒரு நாளையதை ஒரே டார் (பல ஃபைலைச் சேர்த்த ஒற்றை ஃபைல்) ஆக்கி அழுத்தும்போதுதான் இது பலன் தரும். 90 நாள் கேட்டவர்களுக்கு உண்மையில் வேண்டியது தணிக்கைக்கான பழைய பதிவு என்றால், 30 நாளை நேரடியாகவும் மீதி 60 நாளை நாளுக்கொரு டார் ஆக வேறு மலிவான இடத்திலும் வைப்பது பொருந்தும்.

அமேசானின் கிளவுட் சேமிப்பிடமான எஸ்3-க்கு அனுப்பினால் உள்ளூர் டிஸ்க் கவலை பெருமளவு தீரும். டாஸ்க் முடிந்ததும்தான் லாக் ஏறும் என்பதால் ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்குக்கு உள்ளூரில் இடம் வேண்டும். ஏறியபின் உள்ளூர்ப் பிரதியை நீக்க ‘டிலீட்_லோக்கல்_லாக்ஸ்’ போட வேண்டும். வொர்க்கர் மெமரி போதாமல் கொல்லப்பட்டால் அந்த லாக் மேலே போகாது. எந்த லாக் மிக அவசியமோ அதுதான் கிடைக்காது.

ரீஷெட்யூல் சென்சார் இங்கே மறுபடி வருகிறது. சாதாரண எஸ்3 பக்கெட்டில் (சேமிப்புத் தொகுதியில்) இருக்கும் ஃபைலின் வாலில் எழுத முடியாது. எனவே ஒவ்வொரு முறையும் பழையதைப் படித்து, புதியதைச் சேர்த்து, முழுவதையும் திரும்ப ஏற்றுகிறது. 600 முறையில் 1.5 எம்பியாக வளரும் லாகுக்கு மொத்தம் ஏறுவது ஏறத்தாழ 450 எம்பி. பக்கெட்டில் வெர்ஷனிங் (பழைய பிரதிகளையும் வைத்திருப்பது) போட்டிருந்தால் அந்த 450 எம்பியும் அங்கேயே தங்கும், ஒரே ஒரு சென்சாரின் ஒரு நாள் லாகுக்கு. லாக் பக்கெட்டில் வெர்ஷனிங் வேண்டாம்; விதியாக இருந்தால் பழைய வெர்ஷனை ஒரு நாளில் அழிக்கும் லைஃப்சைக்கிள் விதி வையுங்கள். விலை குறைவு என்று ‘ஸ்டாண்டர்ட்-ஐஏ’ வகுப்புக்கும் மாற்ற வேண்டாம். அங்கே ஒரு பொருளுக்குக் குறைந்தது 128 கேபிக்குக் காசு. நம் 5 கேபி லாகுக்கு 25 மடங்கு கணக்கு ஏறும்.

துடைப்பது

அழிக்கும் வேலையை இரண்டு படியாகப் பிரியுங்கள். முதலில் 30 நாளுக்கு மேல் தொடாத லாக் ஃபைல்களை ‘ஃபைண்ட்’, ‘எம்டைம் +30’, ‘டிலீட்’ வைத்து நீக்குவது. அடுத்து, காலியான ஃபோல்டர்களை நீக்குவது. இந்த இரண்டாவதில் ‘எம்டைம் +1’ கட்டாயம். இல்லாவிட்டால் இப்போதுதான் தொடங்கும் டாஸ்க் உருவாக்கிய ஃபோல்டரை, அது லாகைத் திறப்பதற்குள் துடைத்துவிடும். அந்த டாஸ்க் ‘ஃபைல்நாட்ஃபவுண்ட்’ என்று விழும், காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. உள்ளே இருந்த ஃபைலை அழித்ததும் ஃபோல்டரின் நேரம் புதுப்பிக்கப்படும் என்பதால் காலி ஃபோல்டர் இரண்டு நாள் கழித்தும், அதன் மேலே உள்ள ரன் ஃபோல்டர் இன்னும் இரண்டு நாள் கழித்தும் போகும். அந்தச் சில நாள் ஐநோட்டைப் பிடித்திருக்கும், பரவாயில்லை.

ரன்_ஐடி ஃபோல்டரின் வயதைப் பார்த்து மொத்தமாக அழிப்பது வேகமானதுதான், ஆனால் பிழையானது. 40 நாள் பழைய ஓட்டத்தை நேற்று யாரோ ‘கிளியர்’ செய்து மறுபடி ஓட்டியிருந்தால், புது லாக் டாஸ்க்_ஐடி ஃபோல்டருக்குள் வரும், மேலே உள்ள ரன் ஃபோல்டரின் நேரம் மாறாது. நேற்று எழுதிய லாக் இன்று போய்விடும்.

டேட்டாபேஸில் இருக்கும் ஓட்டப் பதிவையும் அதே நாள் எல்லையில் ‘ஏர்ஃப்ளோ டிபி கிளீன்’ வைத்துக் குறையுங்கள். இல்லாவிட்டால் திரையில் டாஸ்க் பச்சையாக இருக்கும், லாகைத் தட்டினால் இல்லை என்று வரும். ஓடவே இல்லையோ என்று சந்தேகம் கிளம்பும்.

கூட்டிப் போட்டால்

90 நாள் இந்தப் பார்ட்டிஷனில் நடக்காது என்பது தெளிவு. 30 நாளுக்குப் போடுவோம்:

டாஸ்க் லாக், 496 எம்பி × 30: 14.5 ஜிபி
ரீட்ரை, நாளைக்கு 798 × 24 கேபி: 0.55 ஜிபி
ஷெட்யூலர் ஃபோல்டர், 3 நாள்: 1 ஜிபி
மேனேஜர் லாக்: 0.6 ஜிபி
டேட்டாபேஸ் படுத்த நாள் இரண்டு: 1 ஜிபி
கட்டுமீறும் டாஸ்க் ஒன்று: 10.7 ஜிபி

கூட்டுத்தொகை 28.4 ஜிபி. முதல் மூன்று மட்டும் டேக் எண்ணிக்கையோடு வளரும். ஆண்டுக்கு 40 சதவீத வளர்ச்சி என்றால் 6.4 ஜிபி. மொத்தம் 34.8. டிஸ்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்ற எல்லையில் 43.5 ஜிபி. ஐநோட் 35,658 × 30 × 1.4 = ஏறத்தாழ 15 லட்சம், இருக்கும் 32.8 லட்சத்தில் பாதிகூட இல்லை. லாக் மட்டும் இருக்கும் பார்ட்டிஷனில் ரூட்டுக்கு 5 சதவீதம் தேவையில்லை. ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ போட்டு ஒரு சதவீதமாக்கினால் 2 ஜிபி திரும்பக் கிடைக்கும். விண்ணப்பத்தில் 50 என்றே எழுதலாம். முன்பு குத்துமதிப்பாக எழுதிய அதே 50தான், ஆனால் 30 நாள் எல்லை, 3 நாள் பார்சிங் லாக், 2 மணி டைம்அவுட் மூன்றும் கூடவே போனால் மட்டும். மூன்றில் எதை மறுத்தாலும் எண் மாறும் என்று அதே வரியில் குறித்துவிடுங்கள்.

எச்சரிக்கைக்கு 70, 85 சதவீதம் என்று இரண்டு படி போதும், பைட்டுக்கும் ஐநோட்டுக்கும் தனித்தனியாக. கூடவே வேகத்தையும் கவனிக்க வேண்டும்: கடைசி ஒரு மணி நேரத்தில் கூடிய அளவால் மிச்ச இடத்தை வகுத்தால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வரும். இரவில் ஆள் வந்து பார்க்க 10 மணி நேரம் ஆகும் என்றால், அந்த எண் 12-க்குக் கீழே போனதும் அலாரம் அடிக்க வேண்டும். 40 சதவீதமே நிறைந்த டிஸ்க்கும் கட்டுமீறிய டாஸ்க்கால் விடிவதற்குள் நிறையலாம். சதவீத எச்சரிக்கை அதை மிகத் தாமதமாகத்தான் சொல்லும்.

ஓட்டத் தொடங்கி 14 நாள் தினமும் ஒரே நேரத்தில் ‘டிஎஃப்’, ‘டிஎஃப் -ஐ’ இரண்டையும் குறித்து வையுங்கள். முதல் 30 நாள் எதுவும் அழியாது என்பதால் தினசரி வித்தியாசம் 515 எம்பியையும் 35,700 ஐநோட்டையும் ஒட்டி வர வேண்டும். பார்சிங் லாக் நான்காம் நாளிலிருந்து ஒரே அளவில் நின்றுவிடும். பைட் மட்டும் கூடி ஐநோட் சரியாக இருந்தால் ஏதோ டாஸ்க் பேச்சு அதிகம், டேக்வாரியாக ‘டியூ’ போட்டு அதைப் பிடியுங்கள். ஐநோட் மட்டும் கூடினால் ரீட்ரை எண்ணிக்கையைப் பாருங்கள், அல்லது யாரோ புதிதாக ஐந்து நிமிட டேக் ஒன்றை ஏற்றியிருப்பார்கள்.